ஒன்றரை மணிப் பெட்டி

அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெயர் வைத்தவள் இரண்டாம் மாடிக்காரி. ஒருநாள் காலையில் ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டு வந்தவள், அடுப்பு மேடையில் கை அகலத் தராசு ஒன்றில் சோறு குவிந்திருப்பதையும், இவள் குனிந்து நின்று ஒரு கரண்டி எடுப்பதும் அரைக் கரண்டி போடுவதுமாக முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டுவிட்டாள்.

"ஏம்மா, இது அடுப்படியா, நகைக்கடையா?"

"வீட்டுக்காரருக்குத் தொப்பை வச்சிருச்சுக்கா. குறைக்கிறோம்."

"டிரைவருக்குத் தொப்பை இல்லாட்டி ஸ்டியரிங் எதுல போய் முட்டும்? சரி சரி, சர்க்கரையக் குடு."

"தீந்து போச்சுக்கா."

அந்த வீட்டில் சர்க்கரை தீர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மிச்சம் இருந்ததெல்லாம் அவருடைய ரத்தத்தில் இருந்தது. இந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. நல்ல வேடிக்கையான வார்த்தை. இரண்டாம் மாடிக்காரி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சிரித்துவிட்டு மூன்று மாடிக்கும் சொல்லியிருப்பாள். மூன்றாம் மாடியில் டிப்போ குமாஸ்தாவின் மச்சான் குடியிருந்தான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் நெடுந்தூரப் பேருந்து ஓட்டினார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். டிப்போவில் அவரை ஸ்டெடி என்பார்கள். அவர் பிரேக் போட்டால் பயணி கையில் இருக்கும் தம்ளர்த் தண்ணீர் ஆடாது. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் பதினொன்றுக்குக் கடைசி ஊர். அரை மணி நேரத்தில் திரும்ப எடுப்பார். ஒன்றரைக்கு நடுவழி ஓட்டலில் அரை மணி நேரம் நிறுத்தம். ஐந்துக்கு டிப்போவுக்கு வந்து, அதற்குமேல் நகருக்குள் ஒரு சுற்று. வீட்டுப் படியேறும்போது ஒன்பது. பதினைந்து மணி நேரம் அந்த இருக்கைதான் அவருக்கு வீடு.

நோயைக் கண்டுபிடித்தது டிப்போ டாக்டர் அல்ல. அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார், "நிக்காம ஓட்டு" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். வீட்டுக்காரர் தண்ணீர் தண்ணீர் என்று பறப்பதைப் பார்த்து அவள்தான் நாலு தெரு தள்ளியிருந்த ஒரு சின்ன கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பது என்று வந்தது. கிளினிக் டாக்டர் மாத்திரை எழுதினார். சாப்பாட்டைக் கட்டுக்குள் வைத்தால் போதும், ஊசி வரைக்கும் போக வேண்டாம் என்றார். ஊசி என்றதும் இருவருமே ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஊசி போட்டுக்கொள்கிறவன் கையில் பெரிய வண்டியைக் கொடுக்கக் கூடாது என்று டிப்போவில் விதி இருந்தது.

திரும்பி வரும் வழியில், மருந்துக் கடை வாசலில் நின்று, அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத பாருங்க. டிப்போவுல யாருக்கும் தெரியக் கூடாது. கண்டக்டர் தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாது."

"சரி."

"சரின்னு தலையாட்டினாப் பத்தாது. மூச்சு விடக் கூடாது."

"விடலம்மா. மூச்ச அடக்கிட்டே ஓட்டுறேன், போதுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், வாயை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அன்று அவர்களுக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம்.

அவள் துணிக்கடை ஒன்றின் பின்கட்டில் உட்கார்ந்து கால்சட்டைகளின் நீளம் குறைக்கிற, இடுப்புப் பிடிக்கிற வேலை பார்த்தாள். அளவு அவளுக்குக் கைவந்தது. அந்தக் கையை அப்படியே அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். எட்டு மணிக்கு ஒரு சின்ன டப்பா: வறுத்த கடலை ஒரு பிடி, ஓடு உரிக்காத முட்டை ஒன்று. ஐந்து மணிக்கு இன்னொரு சின்ன டப்பா: பழத்துண்டு நாலு, மோர். நடுவில் ஒன்றரை மணிப் பெட்டி. அதுதான் பெரிய பெட்டி. எவர்சில்வர், இரண்டு அடுக்கு, பக்கத்துக்கு ஒரு கொக்கி. மேலடுக்கில் கீரையோ பீன்ஸோ, வெந்த பயறு, சில நாள் தோல் நீக்கிய கோழித் துண்டு இரண்டு. கீழடுக்கில் நூற்றைம்பது கிராம் சோறு, சிவப்பரிசி.

கட்டுவதில்தான் எல்லாம் இருந்தது. சூடாக மூடினால் வியர்த்துப் புளித்துவிடும். அதனால் விசிறியின் கீழ் பத்து நிமிஷம் ஆறவிட்டாள். வெள்ளரிக்காயில் உப்பைக் கலந்து வைத்தால் தண்ணீர் விட்டுத் துவளும் என்று உப்பைத் தாளில் மடித்துத் தனியாகப் போட்டாள். வெங்காயம் பஸ்ஸுக்குள் நாறும் என்று விட்டாள். ஒரு வாரம் தனக்கென்று அதே போல ஒரு பெட்டி கட்டி, கடையின் வெயில் படுகிற சன்னல் மேல் ஒன்றரை மணி வரை வைத்து, திறந்து மோந்து பார்த்தாள். கூட வேலை பார்த்தவள், "சோத்துக்குச் சூரியக் குளியலா?" என்றாள். அப்படிப் பார்த்ததில்தான், எலுமிச்சை பிழிந்த பயறு கெடுவதில்லை, பிழியாதது கெடுகிறது என்று தெரிந்தது. பெட்டியைப் பழைய துண்டில் சுற்றிக் கொடுக்கும்போது தினமும் ஒரே வார்த்தை: "எஞ்சின் பக்கம் வைக்காதீங்க. சீட்டுக்கு அடியில."

"சரி தாயே. பச்சப் புள்ளையாட்டம் மடியில வச்சுக்கிறேன்."

முதல் மூன்று மாதத்தில் ஒன்பது எட்டானது. கிளினிக்கில் அவள் அந்தச் சீட்டை, முதல் சீட்டோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில்கூட அவளுக்கு யாரும் அப்படி ஒரு சீட்டுக் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இதை அவள் ஓர் அதிசயம் என்றே எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எதைப் போட்டாலும் "ம்" என்பார். நன்றாக இருந்தாலும் "ம்", கருகிப் போனாலும் "ம்". அந்த மனுஷர் ஒன்பது மணிக்குப் படியேறி வந்து, காலி பெட்டியை நீட்டி, "பயத்துல இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. அதான் நாக்குல நின்னுச்சு" என்றார். இன்னொரு நாள், "வெள்ளரிக்கா கடைசி வரைக்கும் நறுக்கு நறுக்குன்னு இருந்துச்சு. உப்பத் தனியா வச்சதுதான் யோசனை" என்றார். சீக்கு வந்து அவருக்கு ஒரு நாக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று அவள் நினைத்தாள். துணிக்கடைப் பின்கட்டில் தைத்துக்கொண்டே அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வாள். நாக்குல நின்னுச்சு. நறுக்கு நறுக்குன்னு. யாருக்கும் தெரியாமல் சட்டையின் உள்பக்கத்தில் தைத்து வைத்த பித்தான்கள் மாதிரி.

ஆறாம் மாதம் எட்டு, எட்டே முக்காலானது. ஒன்பதாம் மாதம் ஒன்பதரை.

கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்கிற பெண் சீட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "என்னம்மா குடுக்கிறீங்க?" அவள் சொன்னாள். கிராமோடு சொன்னாள். "அப்ப அளவு கூடத்தான் இருக்கு. குறைங்க."

நூற்றைம்பது நூற்றிருபதானது. அது தொண்ணூறானது. கோழி போயிற்று, பழம் பாதியானது. பெட்டி துடைத்து வைத்ததுபோல் காலியாகவே வந்தது. முதல் மூன்று மாதம் கேட்ட உடம்பு இப்போது ஏன் கேட்கவில்லை என்று யோசித்து யோசித்து, தன் கையில்தான் எங்கோ பிசகு என்ற முடிவுக்கு வந்தாள். எண்ணெய் ஒரு சொட்டுக் கூடியிருக்கும். பயறு மாறியிருக்கும். தராசே பொய் சொல்கிறதோ என்று, கடையில் நூல்கண்டு நிறுக்கும் தராசில் கொண்டுபோய் ஒத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அவருக்கு இவ்வளவுதான் என்றால் தனக்கும் அவ்வளவே என்று அவளும் தொண்ணூறு கிராம் சாப்பிட்டாள். மூன்று மாதத்தில் தன் ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பத்துதா?" என்று கேட்பாள்.

"பத்துது, பத்துது."

"பசிக்கலையா?"

"பழகிப்போச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய சீருடைக் கால்சட்டையை இடுப்பில் ஒரு விரல் அகலம் விட்டுத் தைத்துக் கொடுத்தாள். அவர்தான் கேட்டார், துவைத்துத் துவைத்துத் துணி சுருங்கிவிட்டது என்று. சாயம் போன அந்தத் துணி இருபது சலவை கண்டது. சுருங்குகிற துணி முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறவள் அவள். கையில் டேப் இருந்தது. அவர் எதிரில் நின்றார். அளந்திருக்கலாம். சோற்றைக் கிராம் கணக்கில் நிறுத்தவள், அந்த இடுப்பை அளக்காமலே நூலைக் கடித்து முடிச்சுப் போட்டாள்.

பிறகு அந்தக் காலுறை. இடது காலுறையின் சுண்டுவிரல் பக்கம் பழுப்பாக ஒரு கறை. "கிளட்ச்சு துரு" என்றார். நாலு நாள் அந்தத் துருவைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஐந்தாம் நாள் பிற்பகல் கண்டக்டர் தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணி, பதறாதீங்க. அண்ணனுக்குக் குளிர் ஜுரம். ஓட்டல்ல எறங்குனவரு ஏற முடியல. வேற டிரைவர் வண்டிய எடுத்துட்டாரு. நாங்க நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்றோம்."

காலணியின் உள்தையல் விட்டுப்போய், முனை நிமிர்ந்து, கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் சுண்டுவிரலைக் குடைந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியவில்லை. வலிக்கவே இல்லை என்றார். சர்க்கரை ஏறிய காலில் வலிக்காது என்றார் டாக்டர். மூன்று நாளில் சுண்டுவிரலை எடுத்தார்கள். பக்கத்து விரலைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். ஊசி அன்றே ஆரம்பமாயிற்று. தையல்காரி வீட்டில் ஒரு தையல் விட்டதைப் பார்க்க ஆள் இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் காலை பார்வையாளர் நேரத்தில், வார்டுக்கு வெளியே நீள பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்து எதிரே நின்றாள். அவள் வயதுதான் இருக்கும். தண்ணீரிலேயே கிடந்து வெளுத்துச் சுருங்கிய விரல்கள். கையில் ஒரு பை.

"நீங்க டிரைவர் அண்ணன் வீட்டு அக்காதானே?"

"ஆமா. நீங்க?"

"நான் அந்த நடுவழி ஓட்டல்ல தட்டுக் கழுவுறேங்க்கா." பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். இரண்டு அடுக்கு, பக்கத்துக்கு ஒரு கொக்கி. கண்ணாடிபோலத் துலக்கியிருந்தது. "அன்னிக்கு அண்ணன அவசரமாத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பெட்டி எங்கிட்டயே நின்னு போச்சு. கண்டக்டர்ட்ட குடுத்து விட்டிருக்கலாம். ஆனா ஒரு தடவ உங்கள நேர்ல பாத்துரணும்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. லீவு போட்டுட்டு வந்துட்டேன்."

"என்னை எதுக்கு?"

அந்தப் பெண் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமில்லாதபோதும் ஈரம்போலவே இருந்த கை.

"எனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகுதுக்கா. மிச்சம் மீதி தின்னுட்டு எங்க கொறையும்? பதினோரு மாசமா உங்க கை சாப்பாடு. போன மாசம் டாக்டரு ஒரு மாத்திரைய நிறுத்திட்டாரு. 'என்னம்மா மந்திரம் போட்ட?'ன்னு கேக்குறாரு. எங்க அக்கா ஒருத்தி இருக்கா, எனக்குன்னு நிறுத்து நிறுத்துக் கட்டிக் குடுத்து விடுறான்னேன்."

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குன்னு..."

"அண்ணன் சொன்னாருக்கா. 'உனக்கு இப்படின்னு வீட்ல சொன்னேன், அவதான் கேக்காம கட்டிக் குடுக்குறா, வாங்கிக்க'ன்னாரு. மொகம் தெரியாதவளுக்கு யாருக்கா செய்வா? நானும் சும்மா தின்னுட்டு விட்டுறல. இஞ்சி தூக்கலா இருந்துச்சு, நாக்குல நின்னுச்சு, இத அப்படியே சொல்லிருங்கண்ணேன்னு சொல்லித்தான் அனுப்புவேன். சொன்னாரா?"

நடைவழியில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. 

"சொன்னாரு" என்றாள். "வெள்ளரிக்கா நறுக்கு நறுக்குன்னு இருந்துச்சுன்னும் சொன்னாரு."

"பாத்தீங்களா! வார்த்த மாறாம சொல்லிருக்காரு. தங்கமான மனுஷன்." அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டாள். "கொஞ்ச நாளா சோறு கொறைஞ்சுகிட்டே வந்துச்சுல்ல. உங்க வீட்ல என்ன கஷ்டமோ, அதுலயும் எனக்குன்னு எடுத்து வைக்கிறீங்களேன்னு, ஒரு நாள் சாப்பிட முடியாம அழுதுட்டேங்க்கா."

"அவரு..." அவள் கேட்டாள். "அவரு அங்க என்ன சாப்பிடுவாரு?"

"அண்ணனா? சிங்கம் மாதிரி!" சிரித்தாள். "ரெண்டு தடவ சோறு. பொரிச்ச மீனு. எண்ணெய் மெதக்குற கொழம்ப ஊத்தி ஊத்தி. கடைசியா இனிப்பு, அதுவும் ரெண்டு. தட்டக் கழுவுறவளுக்குத் தெரியாம இருக்குமா? பாத்திரக்கடைல வச்ச தட்டு மாதிரி பளபளன்னு வரும். ஆமா, அண்ணனுக்கு என்னக்கா செய்யுது?"

"கால்ல ஒரு அடி."

"அவ்வளவுதான? ஆறிரும்." பைக்குள் கைவிட்டு இரண்டு வெள்ளரிக்காய்களை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "வீட்டுக் கொல்லையில காச்சது. உங்க கிட்ட வெறுங்கையோட வரக் கூடாதுன்னு."

அவள் வெள்ளரிக்காய்களை வாங்கிக்கொண்டாள். வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

வார்டுக்குள் போய்ப் பெட்டியை அவர் கட்டிலை ஒட்டிய சின்ன மேசையில் வைத்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சண்டை போடும் அளவுக்கு அவளிடம் சோறு இல்லை, ரத்தமும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்துச்சா?" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"வந்துச்சு. எனக்கு நன்றி சொல்லிட்டுப் போகுது."

நெடுநேரம் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான சொன்ன" என்றார்.

"நான் என்ன சொன்னேன்?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

துண்டு துண்டாகத்தான் சொன்னார். ஓட்டலின் முன்பக்கத்துக் கூடம் பயணிகளுக்கு. அடுப்படிக்குப் பின்னால் டிரைவர், கண்டக்டர்களுக்கென்று ஒரு தனி அறை. எட்டு நாற்காலி. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் என்பதால் அவர்களுக்குச் சாப்பாடு சும்மா, அதுவும் நல்ல துண்டாகப் பார்த்து. முதல் மூன்று மாதம் அவர் அந்த அறைக்குப் போகாமல், இருக்கையிலேயே திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்து சாப்பிட்டிருக்கிறார். ஒருநாள் டிப்போவில் ராடார் என்று பெயரெடுத்த டிரைவர் திரையை விலக்கித் தலையை நீட்டினான். "என்ன ஸ்டெடி, தனியா ஒக்காந்து எல தழ மேயுற? எந்த ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்தாங்க?"

"அந்த அறைல ஒரு கணக்கு இருக்கு" என்றார். "வீட்டுச் சோறு கொண்டு வர்றவன்னா சீக்குக்காரன். இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு கொண்டு வந்தாங்க. ரெண்டு பேரையும் ஒரே மாசத்துல டாக்டர்ட்ட அனுப்பிட்டாங்க. ரெண்டு பேரும் இப்ப வண்டில இல்ல. ராடார் அன்னிக்கு எட்டிப் பாத்தான். மறுநாள் குமாஸ்தா கேக்குறான், ஒடம்புக்கு என்னன்னு. அதுக்கடுத்த நாள் நான் போய் அறைல ஒக்காந்துட்டேன்."

"உக்காந்து?"

"வேணும்னே ரெண்டாவது தடவ சோறு கேட்டேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி, சத்தமா. இனிப்ப நானே கேட்டு வாங்குனேன். அப்பத்தான் நம்புவாங்க."

"தெனமுமா?"

"ஒருநாள் தின்னுட்டு மறுநாள் தின்னலன்னா கேப்பாங்கள்ல." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் ருசியும் பழகிப்போச்சு. பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன் என்ற அந்த வார்த்தைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்வரை வந்தது. ஒன்றரை மணிப் பெட்டியைக் கொட்ட மனசில்லாமல்தான் தட்டுக் கழுவுகிறவளிடம் கொடுத்தாராம். எட்டு மணி டப்பாவையும் ஐந்து மணி டப்பாவையும் அவரேதான் சாப்பிட்டாராம். அதைக் குழந்தைபோல இரண்டு தரம் சொன்னார். மருந்துக் கடை வாசலில் தான் பிடித்த அந்தச் சட்டைக் கை அவளுக்கு நினைவு வந்தது. இதைச் சாப்பிடு, யாருக்கும் தெரியாமல் இரு. அவள் சொன்ன இரண்டும் சேர்ந்து நடக்க அந்த எட்டு நாற்காலி அறையில் இடம் இல்லை. இரண்டில் ஒன்றை அவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு கைத்தடியோடு, மூன்று டாக்டர்கள் உட்கார்ந்த மேசைக்கு முன்னால் போய் நின்றார். அவளையும் கண்டக்டரையும் கூட விட்டார்கள். பேருந்து ஓட்டத் தகுதியில்லை என்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அது அவர்களுக்கும் தெரிந்ததுதான். மாற்று வேலை பற்றித்தான் பேச்சு. டிப்போ வாசலில் வண்டி நேரம் குறிக்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை.

மேசைக் குமாஸ்தா காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "சீக்கு எப்பக் கண்டுபிடிச்சாங்க?"

கண்டக்டர் முந்திக்கொண்டான். "இந்தக் கால் புண்ணு வந்தப்பதான் சார் தெரியும்."

அவன் வரும் வழியெல்லாம் அவளுக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்திருந்தான். ஆனால் நடு டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "வீட்டுல கொஞ்சம் சாப்பாட்டக் கவனிச்சிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதும்மா."

அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. கைப்பைக்குள் கை போயிற்று. பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தாள்.

"கவனிச்சேன் சார். பாருங்க. கெழம போட்டு இருக்கு. முதல் மூணு மாசத்துல எறங்கிருக்கு பாருங்க. நான் கிராம் கணக்குல நிறுத்துத்தான் குடுத்தேன்."

கண்டக்டர் கண்களை மூடிக்கொண்டான். குமாஸ்தா உறையைத் திருப்பி முதல் சீட்டின் தேதியைப் படித்தார். பதினாறு மாதம். கண்டுபிடித்த மாதமே எழுதிக் கொடுத்தவனுக்குத்தான் மாற்று வேலை. மறைத்தவனுக்கு இல்லை. விதி அப்படி இருந்தது. முதல் மாதமே போய்ச் சொல்லியிருந்தால் அந்த நாற்காலி அன்றைக்கே கிடைத்திருக்கும், பத்து விரலோடு. குமாஸ்தா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். சீட்டுகளை வரிசை மாறாமல் உறைக்குள் போட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது அவர் அவளைத் திட்டவில்லை. கைத்தடியை எந்தப் படியில் ஊன்றுவது என்று பார்த்துப் பார்த்து இறங்கினார். கீழே வந்ததும், "விடு" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அவர் நாளெல்லாம் வீட்டில் இருக்கிறார். காலை ஆறு மணிக்குக் குளித்துச் சட்டை மாட்டி சன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார். அவள் கடைக்குப் போகுமுன் மூன்று வேளைப் பெட்டிகளையும் கட்டி மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போகிறாள். தட்டில் போட்டு மூடி வைத்தால் அவர் தொடுவதில்லை. பெட்டியாக இருந்தால், துண்டு சுற்றியிருந்தால், நேரம் பார்த்துத் திறக்கிறார். இரண்டாம் மாடிக்காரி, "வீட்டுக்குள்ள இருக்குற ஆளுக்கு எதுக்குடி டப்பா கட்டுற?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் அவள் தராசு என்று கூப்பிடுவதில்லை.

ஒரு சனிக்கிழமை கண்டக்டர் வந்தான். வாசலில் நின்றபடியே சொன்னான். "அண்ணி, அந்தத் தட்டுக் கழுவுற அம்மா தெனமும் வண்டிய எட்டிப் பாக்குது. அக்காவுக்கு ஒடம்புக்கு ஆகலையான்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?"

மறுநாள் காலை கை என்ன நினைத்ததோ, பயறு இரண்டு பேருக்கு வந்துவிட்டது. வெயிலில் வைத்துச் சோதித்த தன் பழைய பெட்டியை எடுத்தாள், ஆறவிட்டாள், எலுமிச்சை பிழிந்தாள், உப்பைத் தாளில் மடித்தாள். சோற்றைத் தராசில் வைத்தாள். நூற்றைம்பது. ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் நின்று கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். இரக்கத்தால் செய்தாள் என்று சொல்ல முடியாது. தன் சமையல் வேலை செய்த ஒரே உடம்பு அந்த வழியில் ஓர் ஓட்டலின் பின்கட்டில் இருந்தது. அவ்வளவுதான்.

அன்று ஞாயிறு, கடை இல்லை. ஒன்றரை மணிக்கு அவர் மேசைக்கு வந்து பெட்டியின் கொக்கிகளைத் தளர்த்தினார். அவள் எதிரே உட்கார்ந்தாள். தான் நிறுத்துக் கட்டிய ஒன்றரை மணிப் பெட்டியை அவர் திறந்து சாப்பிடுவதை இத்தனை மாதத்தில் அவள் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை. முதலில் சோறு, பிறகு கீரை. பயறை இரண்டு விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்கு வைத்தார். இஞ்சியை அவள் வேண்டுமென்றே தூக்கலாகப் போட்டிருந்தாள். ஒரு வாய் எடுத்தார். மென்றார். விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில், துணி காயும் கொடி, அடைத்துக் கிடந்த எதிர்வீட்டுச் சன்னல்.

"ம்" என்றார்.